நார்ச்சத்து நாட்டாமை

பழவேற்காட்டுக் குப்பங்களில் மீனுக்கும் இறாலுக்கும் பஞ்சம் வரலாம்; ஆலோசனைக்கு வராது. ஒருவருக்கு வயிறு சரியில்லை என்று தெரிந்தால் போதும், "நார்ச்சத்து சாப்பிடுப்பா" என்று ஏரிக்கரையே வைத்தியராகிவிடும். மீனில் நார்ச்சத்து துளியும் இல்லை என்று வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து, தலைமுறை தலைமுறையாக வைத்த குழம்புதான் குற்றவாளி.

நார்ச்சத்தின் புகழை 1970-களில் உலகெங்கும் பரப்பியவர், உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர். அவர் சொன்னது பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஆனால் க்ரோன் என்ற குடல் அழற்சி நோயால் குடல் குறுகிப்போனவருக்கு வாழைத்தண்டுப் பொரியல் மருந்தல்ல, அடைப்புக்கு அழைப்பிதழ். அங்கே மருத்துவரே நாரைக் குறைக்கச் சொல்வார். அடைப்பில்லாமல், நோய் அடங்கியிருக்கும்போது பலருக்கு நார் ஒத்துக்கொள்ளும். சீறும்போது தோலும் விதையும் நீக்கிக் குழைய வேகவைத்ததுதான் பலருக்குத் தாங்கும். நாரிலும் தண்ணீரில் கரைவது, கரையாதது என்று சாதி உண்டு. தவிடும் ஓட்ஸும் ஒன்றல்ல.

வேடிக்கை என்னவென்றால், ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடினால் "முதலில் தூர்வாருங்கள்" என்று மனுக் கொடுப்பதும் இதே ஊர்தான். குடலின் வழி குறுகினால் மட்டும் இன்னும் இரண்டு கட்டுக் கீரையை உள்ளே தள்ளச் சொல்கிறது.

நோயாளிதான் பாவம். மருத்துவர் சொல்வதைக் கேட்பதா, மாமியார் சொல்வதைக் கேட்பதா? மருத்துவரைப் பார்ப்பது எப்போதோ ஒருமுறை. மூன்று வேளையும் சோறு போடுவது மாமியார்.