ஹெரால்டுக்குப் பங்காளிகள் உண்டு

கேள்வி: பெரியப்பா லண்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த டிரையம்ப் ஹெரால்டு 1200 கன்வர்ட்டிபிள் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. கம்பெனியே மூடிப்போன வண்டிக்கு பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்? போகிற கடையிலெல்லாம் 'இல்லை' என்கிறார்கள்.
– வாசகர், காரைக்குடி

பதில்: கல்யாண வீட்டில் அண்டா பத்தவில்லை என்றால் முதலில் யார் வீட்டுக்கு ஆள் அனுப்புவோம்? பங்காளி வீட்டுக்குத்தானே? உங்கள் வண்டிக்கும் அதுதான் வழி. ஹெரால்டு என்று பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் தலையை ஆட்டிவிடுவார். அதன் பங்காளிகள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1959-ல் ஹெரால்டு வெளிவந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலாட்டி. மறு வருடமே கூரை மடக்கும் மாடலும் வந்தது. 1971-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் 1962-ல் வந்த அதன் தம்பி ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரானது. உங்கள் வண்டியின் 1147 சிசி என்ஜின்தான் முதல் ஸ்பிட்ஃபயருக்கும். முன்சக்கர சஸ்பென்ஷனும் பெரும்பாலும் ஒன்றே. ஸ்பிட்ஃபயர் அமெரிக்காவரை போய் விற்ற வண்டி என்பதால், அதன் பார்ட்ஸை இன்றும் பிரிட்டனில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆறு சிலிண்டர் வைட்டெஸும் ஜிடி6-ம் சித்தப்பா பிள்ளைகள். தண்ணீரிலும் தரையிலும் ஓடிய ஜெர்மன் ஆம்ஃபிகாரில் இருந்ததும் ஹெரால்டின் என்ஜின்தான். லோட்டஸ் எலானின் முன்சக்கரத்தைத் தாங்கும் வெர்ட்டிகல் லிங்க்கூட டிரையம்ப் வீட்டுச் சீதனம். இந்தக் குடும்பம் முழுவதையும் கவனித்துக்கொள்ள பிரிட்டனில் 1977 முதல் டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் இருக்கிறது. முதல் வேலையாக அதில் உறுப்பினராகிவிடுங்கள்.

என்ஜினுக்காக நீங்கள் அழ வேண்டியதில்லை. கண்ணீரைச் சேமித்து வையுங்கள், ஹூட் ஃபிரேமுக்கு வேண்டியிருக்கும். மடங்கும் இரும்புச் சட்டம், அது முன்கண்ணாடியோடு பூட்டிக்கொள்ளும் கொக்கி இதெல்லாம் கன்வர்ட்டிபிளுக்கு மட்டுமே உரியவை. கூரையுள்ள எந்தப் பங்காளியும் அவற்றைக் கடன் தர முடியாது.

கேள்வி: சென்னையிலேயே ஹெரால்டு தயாரானது என்கிறார்களே, அந்த பார்ட்ஸ் இங்கிலாந்து வண்டிக்குச் சேருமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சங்கதியையே கேட்டிருக்கிறீர்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம்தான் இருந்தது. 1961 முதல் அங்கே ஹெரால்டு தயாரானது. டிரையம்ப் என்ற பெயர் போய் ஸ்டாண்டர்டு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு 1970-களில் அதுவே கெஸல் ஆனது.

சேருமா என்றால், இடத்தைப் பொறுத்தது. நம் ஊர் ஹெரால்டு 948 சிசி. அதன் சிலிண்டர் விட்டம் 63 மில்லிமீட்டர். இங்கிலாந்து 1200-க்கு 69.3 மில்லிமீட்டர். எனவே பிஸ்டன், ரிங் செட் என்று ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன், முன்னோக்கித் திறக்கும் அந்த முழு பானெட் போன்றவற்றில் ஒற்றுமை அதிகம். ஆனாலும் பழையதை அருகில் வைத்து அளந்து பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

எலெக்ட்ரிகல் சாமான்களில் நமக்கு இன்னும் நல்ல யோகம். ஹெரால்டின் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் பெரும்பாலும் லூகாஸ். அதே 1961-ல் சென்னையில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கப்பட்டது. அம்பாஸடர் காலத்து ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் பழம் தட்டோடு போய்ப் பாருங்கள். கார்பன் பிரஷ், புஷ், பாயிண்ட் செட் என்றால் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டைக்கு பார்ட்ஸ் தேடிப் போனால் எப்படிக் கேட்பது? போன முறை வெறுங்கையோடு திரும்பினேன்.
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: வெறுங்கையோடு போனதால்தான் வெறுங்கையோடு திரும்பினீர்கள். உடைந்த சாமானைக் கையில் கொண்டுபோங்கள். புதுப்பேட்டைக்காரர்களுக்குப் பெயரைவிட உருவம்தான் ஞாபகம் இருக்கும். சாமானைத் திருப்பிப் பார்த்து, "இது அந்த மூலைக் கடையில ஒண்ணு கெடக்கு" என்று சொல்லும் மனிதர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.

போகும் முன் மண்ணெண்ணெயில் கழுவி, அழுக்கைச் சுரண்டிப் பாருங்கள். 'ஸ்டான்பார்ட்' என்ற முத்திரையோ எண்ணோ தெரிந்தால் அது கம்பெனியின் அசல். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னால் கவென்ட்ரிக்காரருக்கும் புரியும். பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் காரின் பெயரே தேவையில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்து சொன்னால் நல்ல பேரிங் கடைக்காரர் எழுந்து போய் எடுத்து வருவார்.

போல்ட், நட்டு விஷயத்தில் மட்டும் ஒரு கெஞ்சல். ஹெரால்டில் இருப்பது அங்குல மரை. 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர். நம் கடைகளில் கிடைப்பது 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள்தான், ஆனால் மரையின் நெருக்கம் வேறு. இரண்டு சுற்று சாதுவாக உள்ளே போகும். மூன்றாவது சுற்றுக்கு ஸ்பேனரைப் போட்டு அழுத்தினீர்களானால், ஐம்பது அறுபது வருடம் பிழைத்திருந்த மரை ஐந்து நொடியில் போய்விடும்.

கேள்வி: மெக்கானிக் முன்சக்கரத்துக்கு நன்றாக கிரீஸ் அடித்துக் கொடுத்தார். வண்டி தெரிந்த நண்பர் ஒருவர் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: நண்பரை விட்டுவிடாதீர்கள், உங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்.

ஹெரால்டின் முன்சக்கரம் திரும்புவது ட்ரனியன் என்ற பித்தளைத் துண்டின் மேல். இரும்பு வெர்ட்டிகல் லிங்க்கின் கீழ்முனையில் மரை இருக்கும். அந்த மரை பித்தளைக்குள் இறங்கி, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஏறி இறங்கும். அங்கே கேட்பது ஆயில்தான், கிரீஸ் இல்லை. கியர் பாக்ஸுக்கு ஊற்றும் கெட்டியான 90 ஆயில். ஆயில் மரையின் இடுக்கெல்லாம் ஊடுருவும். கிரீஸ் ஓரிடத்தில் உட்கார்ந்து காய்ந்து இறுகிவிடும். பிறகு தண்ணீர் புகுந்து, வெளியே தெரியாமல் இரும்பைத் துரு தின்னும். ஒருநாள் திருப்பத்தில் லிங்க் முறிந்து, சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். இந்தக் குடும்பத்து வண்டிகளில் இது பலமுறை நடந்திருக்கிறது.

இரண்டு பக்கத்தையும் கழற்றி, கிரீஸை வழித்து, மரையைச் சுத்தமாகத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். துருப் பள்ளம் தெரிந்தால் இரக்கமே வேண்டாம், லிங்க்கை மாற்றிவிடுங்கள். வாங்கும்போது இடது, வலது பார்த்து வாங்குங்கள். ஒன்றுக்கு வலமரை, மற்றதற்கு இடமரை. சரியாக இருந்தால் கிரீஸ் கன்னிலேயே ஆயிலை நிரப்பி, வழியும்வரை அடியுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்யுங்கள். கூரைத் துணி கிழிந்தால் நனைவோம், அவ்வளவுதான். ட்ரனியன் அப்படி இல்லை. வாங்க வேண்டிய பட்டியலில் முதல் வரி இதற்கே.

கேள்வி: கூரைத் துணி தூள்தூளாகிவிட்டது. கிழித்து எறிந்துவிட்டு வெளிநாட்டிலிருந்து புதிது வரவழைக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: வரவழைக்கலாம், கிழித்து எறிவது மட்டும் வேண்டாம். அந்தக் கந்தல்தான் உங்களிடம் இருக்கும் ஒரே வரைபடம். தையலைப் பிளேடால் மெதுவாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எது முன், எது பின் என்று சாக்பீஸால் எழுதுங்கள். ரவிக்கை அளவுக்குப் பழைய ரவிக்கையைக் கொடுப்பதில்லையா, அதே கணக்கு. சீட் கவர் தைப்பதில் கை தேர்ந்தவர் அதை வைத்து வெட்டித் தைத்துவிடுவார்.

ஆனால் துணிக்கு முன் ஃபிரேமைப் பாருங்கள். ஒரு ரிவெட் தேய்ந்து, ஒரு கை கோணலாக இருந்தாலும் எவ்வளவு நல்ல துணியும் தொய்யும். அதைப் பார்த்துவிட்டு தைத்தவரைக் குறை சொல்வோம், பாவம். மாட்டுவதை நல்ல வெயில் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். வினைல் இளகி, இழுத்த இழுப்புக்கு வரும். கோவைக் குளிரில் காலை ஆறு மணிக்கு முயற்சி செய்ய வேண்டாம்.

கேள்வி: என்னுடையது கூரையுள்ள ஹெரால்டு. கூரை போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றினால் கன்வர்ட்டிபிள் ஆகிவிடும் என்கிறார் ஒருவர்.
– வாசகர், மதுரை

பதில்: போல்ட்டில் நிற்பது உண்மை. அதற்குக் காரணமும் சுவையானது. ஸ்டாண்டர்டு-டிரையம்புக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. பிறகு முழு பாடி செய்து தர ஆள் கிடைக்காமல், பல இடங்களில் பகுதி பகுதியாகச் செய்து, தனிச் சேஸின் மேல் போல்ட் போட்டுப் பூட்டும்படி ஹெரால்டை வடிவமைத்தார்கள். அன்றைய அந்தத் தட்டுப்பாடுதான் இன்று நமக்கு வரம். துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றி மாற்ற முடிகிற வண்டிகள் எத்தனை?

அதற்காகக் கூரையைக் கழற்றிவிடாதீர்கள். மழைக்கு என்ன செய்வீர்கள் என்பது ஒரு பக்கம். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டிகளை 'விஏ' என்ற எழுத்துகளோடு விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். அதற்குச் சேஸும் பாடியும் என்ஜினும் பெரிய மாற்றமில்லாமல் அசலாக இருக்க வேண்டும். கூரையுள்ள ஹெரால்டே இன்று அருமையான பொருள். அதை அதன் முகத்தோடு வைத்திருங்கள்.

கேள்வி: பழைய வண்டிக்குக் கம்பெனிகளே பார்ட்ஸ் செய்து தரக்கூடாதா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: சிலர் செய்கிறார்கள், அவர்கள் வீட்டில் விளக்கு எரியட்டும். ஜப்பானின் மாஸ்டா, 1989-ல் வந்த தன் முதல் எம்எக்ஸ்-5 கன்வர்ட்டிபிளுக்காகக் கூரைத் துணி, மர ஸ்டியரிங் வரை மறுபடி தயாரிப்பதாக 2017-ல் அறிவித்தது. இங்கிலாந்தில் எம்ஜிபி உற்பத்தி 1980-ல் நின்றது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988-ல் முழு பாடியையே மறுபடி அடித்து விற்கத் தொடங்கியது. அந்த பாடியை வைத்து ரோவர் 1990-களில் ஆர்வி8 என்று ஒரு புதுக் காரே செய்தது! ஸ்பேர் பார்ட்டுக்குப் பிள்ளை பிறந்த கதை.

கேள்வி: என் கணவர் தேய்ந்த ரப்பர், உடைந்த கைப்பிடி என்று எதையும் எறிய விடுவதில்லை. வீடு காயலான் கடையாகிவிட்டது. தீபாவளிக்கு முன் போட்டுவிடலாமா?
– வாசகி, சேலம்

பதில்: ஐயோ, வேண்டாம் அம்மா! அந்த உடைந்த கைப்பிடியை வைத்துத்தான் லேத்காரர் புதிது கடைவார், வார்ப்புக்காரர் அச்சு எடுப்பார். தேய்ந்த ரப்பரின் ஓரத்தில் ஒரு அங்குலம் தேயாமல் இருந்தாலும் போதும், அதன் குறுக்குவெட்டைப் பார்த்து அதே வடிவத்தில் பீடிங் தேடலாம். சாமான் போய்விட்டால் அளவும் அதோடு போய்விடும்.

உங்கள் கஷ்டமும் நியாயமானதே. நாலு பழைய பிஸ்கட் டின்கள் வாங்கிக் கொடுங்கள். கதவு, கூரை, என்ஜின், எலெக்ட்ரிகல் என்று சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு சாமானிலும் எந்தப் பக்கம், எந்த இடம் என்று எழுதிய அட்டையை அவர் கையாலேயே கட்டச் சொல்லுங்கள். பரணில் ஒரு மூலை கொடுத்தால் போதும். மழை ஒழுகாத மூலையாகப் பார்த்துக் கொடுங்கள்.