கேள்வி–பதில்: அம்மாயிக்குக் காவல்

ஒரே காம்பராவில் ஆறு பேர் இருக்கிறோம். தொற்று பரவினால் ஒரு மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறார்களே, எப்படி? (வாசகர், அக்கரப்பத்தனை)

மீட்டர் சொன்னவர் லயத்தில் படுத்திருக்க மாட்டார். சொன்னபடி படுத்தால் இரண்டு பேர் பீலியடியில்தான் கிடக்க வேண்டும். அளவை விடுங்கள், காற்றைக் கவனியுங்கள். கொவிட், இன்புளுவென்சா எல்லாம் அடைத்த அறையில்தான் ஆட்டம் போடும். குளிருக்குப் பயந்து ஜன்னலில் சாக்கைத் திணித்திருப்பீர்கள். பகலிலாவது உருவி விடுங்கள். ராத்திரி ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால் வருகிற மாதிரி மாறி மாறிப் படுங்கள்; முகத்துக்கு முகம் நாலைந்து அடி கிடைத்துவிடும். இருமுகிறவருக்கு இஸ்தோப்புப் பக்கம். சூடாக இருக்குமே என்று பாட்டியை அடுப்பங்கரைக்குத் தள்ளாதீர்கள். விறகுப் புகை அவர் நெஞ்சுக்கு ஆகாது.

தீபாவளிக்கு மகன் கொழும்பிலிருந்து வருகிறான். அப்பாவுக்கு 78 வயது, சீனி வருத்தம் வேறு. அங்கே காய்ச்சல் பரவினால் வராதே என்று சொல்லவா? (டயகம)

2020இல் அதை அரசாங்கமே சொல்லிப் பார்த்தது. ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலை, அடுத்துப் பேலியகொடை மீன் சந்தை என்று கொவிட் தொற்று கிளம்ப, தீபாவளி வாரத்தில் மேல் மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை போட்டார்கள். அதற்கு முன்பே பஸ் ஏறியவர்களை என்ன செய்வது? பிள்ளை வரட்டும். தொண்டை கரகரத்தால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். வந்தவன் முதல் ஐந்து நாள் சித்தப்பா வீட்டில் படுக்கட்டும். அங்கே வயசானவர்கள் இல்லையென்றால் மட்டும். அப்பாவை இஸ்தோப்பில் மாஸ்க்கோடு பார்க்கட்டும். காலில் விழுந்து கும்பிடத் தடையில்லை, கட்டிப்பிடிக்கத்தான் அவசரம் வேண்டாம்.

தொற்றுக்குக் கொத்தமல்லி போதாதா?

தொண்டைக்கு இதம், குடியுங்கள். ஆனால் அதுவே காவல் என்று நம்பாதீர்கள். 2020 டிசம்பரில் கொரோனாவைத் தீர்க்கும் என்று நம்பி ஒரு பாணி மருந்துக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கொரோனாவுக்கு அதைவிட நல்ல விருந்து யார் வைப்பார்? அந்தப் பாணியைக் குடித்துக் காட்டிய அன்றைய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்தது. கொத்தமல்லியை நம்பி கிளினிக் மாத்திரையை நிறுத்தினால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

தொற்று வந்தால் உதவ வீட்டில் என்ன சேர்த்து வைக்க? மாவும் அரிசியும் வாங்கிவிட்டோம்.

அது எல்லோரும் வாங்குவது. 2020 மார்ச் 20இல் ஊரடங்கு போட்டபோது பெரியவர்களை அதிகம் வாட்டியது கிளினிக் மருந்துதான். பிறகு தபாலில் அனுப்பினார்கள். ஆனால் லயத்தில் கதவிலக்கம் ஏது? கடிதமே தோட்டத்து ஒபீசுக்குத்தானே போகிறது! அதனால் பிரஷர், சீனி மாத்திரை இரண்டு வாரத்துக்காவது கூடுதலாகக் கிடைக்குமா என்று டொக்டரிடம் இப்போதே கேளுங்கள். கிளினிக் கொப்பியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பரசிட்டமோல், ஜீவனி, சவர்க்காரம், தெர்மோமீட்டர் போதும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி வீட்டுக்கு வீடு வேண்டாம், லயத்துக்கு ஒன்று சேர்ந்து வாங்குங்கள். சுவரும் பைப்பும் பொது என்றால் காய்ச்சலும் பொதுதான்.

அம்மாயிக்குக் காய்ச்சல் இல்லை, சும்மா சோர்வு. பயப்பட வேண்டுமா?

வேண்டும். வயசானவர்களுக்கு உடம்பு சுடாமலே நோய் முற்றும். திடீரென்று சோறு வேண்டாம் என்பது, பேத்தியைச் செத்துப்போன தங்கச்சி பேரில் கூப்பிடுவது, நடக்கையில் தடுமாறி விழுவது எல்லாம் காய்ச்சலுக்குச் சமம். மானியில் 94க்குக் கீழே காட்டினால் 1990ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மேல் டிவிசனா கீழ் டிவிசனா என்று முதலிலேயே சொல்லுங்கள். ஆனால் நம்மூர்க் குளிரில் விறைத்த விரல் பொய்க்கணக்குக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, இன்னொரு தடவை பாருங்கள். மூச்சு வாங்கினால் மானி என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

தனிமைப்படுத்தல் எல்லாம் நமக்கு ஒத்துவருமா?

கேட்பது நீங்களா! நம் பாட்டன்மாரை இந்தியக் கரையில் மண்டபம் முகாமில் நோய்க்குப் பயந்து தடுத்து வைத்துத்தானே கப்பலேற்றினார்கள். 2020இல் தூசு தட்டி எடுத்த தனிமைப்படுத்தல் சட்டமும் 1897ஆம் ஆண்டுச் சரக்குதான். அன்றைக்குத் தோட்டத்துத் துரைக்கு ஆள் குறையக் கூடாது என்ற கவலை. இன்றைக்கு வீட்டுப் பெரியவர் குறையக் கூடாது என்பது நம் கவலை.

அம்மாயி வெற்றிலைப் பெட்டியைப் பக்கத்துக் காம்பரா பாட்டியோடு பங்கு போடுகிறார். சொன்னால் கேட்கவில்லை.

பெட்டியைப் பிடுங்கினால் அம்மாயிக்குக் காய்ச்சல் வருமுன் உங்களுக்கு வசவு வரும். பக்கத்துப் பாட்டிக்குத் தனியாக ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள். துப்புவதற்குச் சாம்பல் போட்ட டின் ஆளுக்கொன்று. அரட்டை வெளியே வெயிலில் நடக்கட்டும். இதை மருமகள் சொன்னால் சண்டை, பேரனை விட்டுச் சொல்லுங்கள்.