சம்பந்தியம்மா ஏன் புகையானார்?

கே: எஃப் 1.8 லென்ஸ் வாங்கி, அக்காவின் நிச்சயதார்த்தத்தைப் படம் எடுத்தேன். அக்கா பளிச். பின்வரிசையில் நின்ற சம்பந்தியம்மா வெறும் புகை. லென்ஸில் கோளாறா? (கிள்ளான்)

ப: லென்ஸில் இல்லை. கோளாறு இனி அக்கா வீட்டில் வரலாம். 1.8-ல் அப்பர்ச்சர் அகலத் திறந்திருக்கும். வெளிச்சம் தாராளம், தெளிவுக்குத்தான் பஞ்சம். முழு ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் மாட்டி மூன்று மீட்டர் தள்ளி நின்றால், முன்னும் பின்னுமாகச் சுமார் 40 செ.மீ. ஆழம்தான் தெளிவாக விழும். அதற்குள் இரண்டு வரிசை உறவினர்களை நிறுத்துவது எப்படி? 5.6-க்குப் போங்கள், ஒரு மீட்டருக்கு மேல் கிடைக்கும். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், அல்லது ஃபிளாஷை மேலே தூக்கிக் கூரையில் பட்டுத் திரும்பும்படி அடியுங்கள். பின்னணி மங்கினால்தான் நல்ல படம் என்றொரு மூடநம்பிக்கை இப்போது பரவிக் கிடக்கிறது. குடும்பப் படத்தில் பின்னணி என்பதே சொந்தக்காரர்கள்தானே ஐயா!

கே: எஃப் எண் கூடக் கூட அப்பர்ச்சர் துவாரம் சிறுக்கிறதே, இது என்ன கணக்கு? (பிரிக்பீல்ட்ஸ்)

ப: வகுத்தல் கணக்கு. குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துவாரத்தின் விட்டம். 50-ஐ 2-ஆல் வகுத்தால் 25 மி.மீ.; 16-ஆல் வகுத்தால் மூன்று மி.மீ. சொச்சம். ஒரு ரொட்டி சானாயை இருவர் பிய்த்தால் பசியாறலாம். பதினாறு பேர் பிய்த்தால் குழம்பை நக்கலாம்.

கே: தைப்பூசத்தை ஒரே அப்பர்ச்சரில் சமாளிக்க முடியுமா? (செந்தூல்)

ப: அந்த முருகனே நினைத்தாலும் முடியாது. ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து இரவில் ரதம் கிளம்பும்போது 2 அல்லது 2.8. பத்துமலையில் உச்சிவெயிலில் 42.7 மீட்டர் முருகனும் 272 படிக் கூட்டமும் சேர்ந்து விழ 8 அல்லது 11. குகைக்குள் நுழைந்ததும் மறுபடி 2.8. அங்கே கூரை திறந்த இடத்தில் வெளிச்சம் கொட்டும். ஒளியை முகத்தில் அளவெடுங்கள். ஆகாயத்தில் எடுத்தால் காவடி கருத்துப்போகும். அருள் வந்து ஆடுபவர் கண்ணில் மட்டும் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். வேலோடு நிற்கிறார், ஜாக்கிரதை.

கே: நண்பன் எடுத்த படத்தில் இரட்டைக் கோபுர விளக்குகள் நட்சத்திரமாக மின்னுகின்றன. என் படத்தில் உருண்டை உருண்டையாக... (செர்டாங்)

ப: முக்காலியில் நிறுத்தி 16-ல் எடுத்திருப்பார். அப்பர்ச்சர் தகடு ஆறென்றால் ஆறு கதிர், ஏழென்றால் பதினான்கு. நட்சத்திர ஆசையில் 22-க்குப் போனால் ஒளி விளிம்பில் சிதறி, கோபுரமே கொழகொழத்துவிடும்.

கே: மாலின் ஏர்கோனிலிருந்து வெளியே வந்து எடுத்த படமெல்லாம் பனிமூட்டம். எந்த எண் வைக்கலாம்? (பெட்டாலிங் ஜெயா)

ப: எந்த எண்ணும் வேண்டாம். கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்துவிட்டு ஒரு தே தாரிக் குடியுங்கள். லென்ஸ் ஊர்ச்சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் பனி படியாது. தே தாரிக் சீக்கிரம் தீர்ந்துவிட்டால் இன்னொன்று.