துரைமாரின் ஐந்து நிமிடம்

தேசிய ஹொக்கி லீக்கின் பெரிய துரைமாருக்கு,

தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். தை மாசிப் பனியில் கொழுந்து கருகுவதைப் பார்த்திருக்கிறோமே தவிர, பனிக்கட்டிமேல் ஆடும் ஆட்டம் எங்களுக்குப் பழக்கமில்லை. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் என் அண்ணன் மகன்தான் போனில் காட்டினான். அங்கே இரவு ஏழு மணி. இங்கே விடியற்காலை ஐந்தரை, பெரட்டுக்குப் போகிறவர்கள் சாயத்தண்ணி குடிக்கிற நேரம். "சித்தப்பா, இப்ப பாருங்க" என்றான். இரண்டு பேர் மட்டையைப் போட்டார்கள், கையுறையை உதறினார்கள், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு முகத்தில் குத்தினார்கள். நடுவர்கள் எட்டுகிற தூரத்தில்தான் நின்றார்கள். ஒருவன் சாயும்வரை கை வைக்கவில்லை. துரைமாரே, அந்தப் பொறுமையை நான் எங்கும் கண்டதில்லை. லயத்தில் இரண்டு பேர் கட்டிப் புரண்டால் கிழவிகள்கூட ஓடிப்போய் நடுவில் விழுவார்கள். எங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

உங்கள் கணக்கும் சுத்தம். சண்டை பிடித்தவனை ஆட்டத்தைவிட்டுத் துரத்தாமல் ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும் என்று 1922இல் எழுதி வைத்தீர்கள். நூறு வருஷம் தாண்டியும் அது ஐந்து நிமிடம்தான். எங்கள் பக்கம் ஒரு நாள் பேருக்குப் பறிக்க வேண்டிய கிலோ ஏறிக்கொண்டே போகிறது. சொன்ன கணக்கில் நிற்கிற துரைமாரை இப்போதுதான் பார்க்கிறேன். 1974–75இல் பிலடெல்பியாவின் டேவ் ஷுல்ட்ஸ் ஒரே பருவத்தில் சேர்த்த 472 தண்டனை நிமிடங்கள் இன்றும் உங்கள் ஏட்டில் சாதனையாக நிற்கின்றன. தண்டனையையும் சாதனையாக எழுதி வைக்கிற செக்ரோல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஆள் பிடிப்பதில் உங்களுக்கு நிகர் யார்? டெரெக் பூகார்ட்டை எடுத்துக்கொள்கிறேன். சஸ்கச்சுவானில் பிறந்த பொலிஸ்காரர் மகன். ஆறடி ஏழு அங்குலத்துக்குக் குறையாத உயரம். 2005இல் மினசோட்டா அணிக்காக ஆட வந்தார். மொத்தம் 277 ஆட்டம், மூன்று கோல். இரண்டாவது கோலுக்கும் மூன்றாவது கோலுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து வருஷம். கோல் போடாத ஒருவனை இத்தனை காலம் வைத்துச் சோறு போட யாருக்கு மனம் வரும்? உங்களுக்கு வந்தது. 2010இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் நான்கு வருஷத்துக்கு 65 லட்சம் டொலர் பேசிக் கூட்டிப்போனது. உடம்பு முழுக்க வலி. வலிக்கு மாத்திரை, ஒரு வைத்தியரிடம் இல்லாவிட்டால் இன்னொருவரிடம் கிடைத்தது. அந்த வருஷம் டிசம்பரில் ஒட்டாவாவில் கடைசியாகக் குத்து வாங்கினார். 2011 மே 13ஆம் திகதி, மதுவும் ஒக்சிகொடோனும் சேர்ந்து உயிரை எடுத்தன. வயது 28. குடும்பத்தார் மூளையைப் பொஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். அடிமேல் அடி பட்ட மூளையில் காணும் சி.டி.ஈ. என்ற சிதைவு அந்த வயதிலேயே முற்றியிருந்தது. அதை எழுத மட்டும் உங்கள் கணக்கில் ஒரு பத்தி இல்லை. எங்கள் தராசிலும் கொழுந்துதான் நிற்கும், பறித்தவளின் முதுகு நிற்காது. ஆகவே எனக்கு அது புரிகிறது.

அதே வருஷம் ஓகஸ்ட்டில் ரிக் ரிப்பியன் போனார், 27 வயது. மாதம் முடிவதற்குள் வேட் பெலாக், 35 வயது. மூவருமே கைமுட்டிக்காக வைத்திருக்கப்பட்டவர்கள். ஒரே கோடையில் மூன்று சாவு. எங்கள் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தாலே மலையில் வேலை நின்றுவிடும். நீங்கள் நிதானம் இழக்கவில்லை. தரவு போதாது, அவசரப்படக் கூடாது என்றார் உங்கள் ஆணையாளர் கேரி பெட்மன். 2016இல் அமெரிக்க செனட்டர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலும் சி.டி.ஈ. பற்றிய ஆராய்ச்சி இன்னும் இளம்பருவத்தில்தான் இருக்கிறது என்றே சொன்னார். ஆராய்ச்சி முதிரும்வரை காத்திருக்க உங்களுக்கு முடிந்தது. பூகார்ட்டுக்குத்தான் முடியவில்லை.

உங்கள் கருணையையும் சொல்ல வேண்டும். சண்டைக்கு முன் தன் தலைக்கவசத்தைக் கழற்றுகிறவனுக்குக் கூடுதலாக இரண்டு நிமிடம் என்று 2013இல் விதி கொண்டுவந்தீர்கள். குத்தலாம், தலை திறந்திருக்கக் கூடாது. அந்த செப்டம்பரிலேயே ஒரு பயிற்சி ஆட்டத்தில் இரண்டு பேர் ஒருவர் கவசத்தை மற்றவர் பதமாகக் கழற்றி வைத்துவிட்டுக் குத்திக்கொண்டார்கள். நீங்கள் வளர்த்த பிள்ளைகள் விதியை எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறார்கள்!

சண்டை இல்லாவிட்டால் ஆட்டத்தின் சூடு வேறு வழியில் வெடிக்கும், நட்சத்திர வீரனுக்குக் காவல் இருக்காது என்பது உங்கள் பக்கத்து வாதம். கிரெட்ஸ்கிக்கு செமெங்கோ காவலாக நின்ற கதையை அண்ணன் மகனும் சொன்னான். 2014இல் உங்கள் வீரர்களே சோச்சி ஒலிம்பிக்குக்குப் போனார்கள். அங்கே கையுறையை உதறினால் ஆட்டத்தைவிட்டே வெளியே. ஒருவரும் உதறவில்லை. அதே ஆட்கள், அதே பனி, அதே சூடு. உங்கள் ஊரிலும் கோப்பைக்கான கடைசிக் கட்டம் வந்துவிட்டால் கோல் போடாத காவல்காரனைப் பெரும்பாலும் வெளியே உட்கார வைத்துவிடுகிறீர்கள். வெற்றி வேண்டும் என்கிற நாளில் அவனுக்கு ஓய்வு கொடுக்கிற அந்த ஈரம் மற்ற நாட்களில் எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

தலையில் பட்ட அடிக்காக வழக்குப் போட்ட முன்னூற்றுச் சொச்சம் பழைய வீரர்களோடு 2018இல் 1 கோடியே 89 லட்சம் டொலருக்குச் சமாதானம் செய்தீர்கள். தப்பை ஒப்புக்கொள்ளாமலே கொடுத்தீர்கள். ஆளுக்கு 22,000 டொலர் கையில். பூகார்ட் ஒரு பருவத்துக்குப் பேசிய கூலி அதைப் போல எழுபது மடங்குக்கு மேல். குத்துவதற்கு அவ்வளவு, குத்து வாங்கியதற்கு இவ்வளவு.

அண்ணன் மகனின் பையனுக்கு ஏழு வயது. போன மாதம்தான் ஸ்கேட் கட்டத் தொடங்கியிருக்கிறான். அன்றைக்கு அப்பாவின் மடியிலிருந்து அவனும் அந்தச் சண்டையைப் பார்த்தான். "சின்னத் தாத்தா, கையுறைய ஏன் கழட்டுறாங்க? கை குளிராதா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.