ஆஸ்ப்ரோவும் ஆறு வாரப் படுக்கையும்

1974-ல் எங்கள் பெரியப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது தெருவே ஓடியது. ஒருவர் டாக்டர் வீட்டுக்கு, ஒருவர் தபாலாபீசுக்குத் தந்தி கொடுக்க, ஒருவர் ஜோசியரிடம். டாக்டர் உடுத்திய வேட்டியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சற்று நேரத்தில் வந்து நின்றார். பெத்திடின் ஊசி போட்டார். "அசையப்படாது" என்றார். வைத்தியம் முடிந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. இதயம் தாறுமாறாகத் துடித்தால் மின்னதிர்ச்சி கொடுத்து நேராக்கும் கருவி பெரிய நகரங்களில் இருந்தது, உண்மைதான். ஆனால் அடைத்த இதய ரத்தக் குழாயின் பக்கம் பெரும்பாலும் யாரும் போகவில்லை. ரத்தக்கட்டியால் மாரடைப்பு வருகிறதா, மாரடைப்பு வந்ததால் கட்டி உண்டாகிறதா என்று நிபுணர்களே அடித்துக்கொண்டிருந்த காலம். 1980-ல் அமெரிக்காவில் டிவுட் என்ற மருத்துவரும் அவர் சகாக்களும், வலி வந்த சூட்டோடு நோயாளிகளின் இதயக் குழாயைப் படம் பிடித்தார்கள். நான்கு மணி நேரத்துக்குள் பார்த்தவர்களில் 87 சதவீதம் பேருக்குக் குழாய் முழுசாக அடைத்திருந்தது. வழக்கு தீர்ந்தது. பெரியப்பாதான் அதற்குள் அவசரப்பட்டுவிட்டார்.

அவருக்கு ஆறு வாரப் படுக்கை. பாஸ்டனில் லெவைன், லவுன் என்ற இருவர் 1952-லேயே, இந்த நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைக்கலாம், ஒன்றும் ஆகாது என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சேதி எங்கள் ஊர் வந்து சேர இருபத்திரண்டு வருஷம் போதவில்லை. கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினார்கள். ரேடியோவுக்குத் தடை. அந்த ஜூனில் லார்ட்ஸில் இந்தியா 42 ரன்னுக்குச் சுருண்டது. அதைக் கேட்காமல் போனதுதான் அவர் இதயத்துக்குக் கிடைத்த ஒரே உருப்படியான சிகிச்சை என்று அவர் மகன், எங்கள் அண்ணன், இன்றும் சொல்வார்.

ஒரே சிகிச்சை என்பது சரியல்ல. இன்னொன்றும் அதே அறையில் இருந்தது. உடம்பு விசாரிக்க வந்தவர்களுக்குக் காபி போட்டுக் காபி போட்டே பெரியம்மாவுக்குத் தலைவலி. அதற்காக அலமாரியில் ஆஸ்ப்ரோ பட்டை. ஆஸ்ப்ரோ என்றால் ஆஸ்பிரின்தான். பெரியம்மா விழுங்கினார், பெரியப்பாவுக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை, தோன்ற வழியும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் 17,187 நோயாளிகளை வைத்து நடத்திய ஐசிஸ்-2 ஆய்வு வெளிவந்தது 1988-ல். மாரடைப்பு வந்ததும் ஆஸ்பிரின் கொடுத்தால் சாவு ஏறக்குறைய கால்வாசி குறைகிறது, கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தையும் சேர்த்தால் 42 சதவீதம் குறைகிறது என்றது அது.

அந்த ஆய்வில் ஒரு வேடிக்கை. நோயாளிகளைச் சின்னச் சின்னக் கூறாக்கியும் முடிவு சொல்லுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர்கள் கேட்க, ஆய்வாளர்கள் ராசி வாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் ஆகவில்லை! கூறுபோட்டால் இப்படித்தான் அபத்தம் வரும் என்று காட்டவே அந்தக் குறும்பு. எங்கள் ஜோசியர் பார்த்திருந்தால் கட்டணத்தை உயர்த்தியிருப்பார்.

பெரியப்பா பிழைத்தார். மாடிப்படி மட்டும் பிறகு அவருக்குச் சொந்தமில்லை. கால் வீங்கும், லாசிக்ஸ், டிஜாக்ஸின் மாத்திரைகள், மூன்று தலையணை வைத்துத்தான் தூக்கம்.

இனி அண்ணன் கதை. போன வருஷம், காலைப் பலகாரம் முடிந்ததும் நெஞ்சில் அழுத்தம், தாடை வரை வலி, வேர்வை. தெரு ஓடவில்லை. வீடே உட்கார்ந்து யோசித்தது.

"கேஸ்தான். ராத்திரி பரோட்டா வேண்டாம்னு சொன்னேனே" என்றார் அண்ணி. ஜெலுசில் வந்தது. ஓமத்தண்ணீர் வந்தது. சோடா வந்தது. டல்லாஸிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருங்காயத்துக்கு ஏழு கட்டைவிரல் உயர்ந்தது. எந்த ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் எடுக்கும் என்று ஒரு விவாதம். அண்ணன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, கார் ஓட்ட மருமகன் வரட்டும் என்று காத்திருந்தார். இருபது நிமிடத் தொலைவுக்கு மூன்று மணி நேரம்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் மின்னல். வந்ததும் ஈசிஜி. மணிக்கட்டு வழியே குழாய் ஏறி, பலூன் விரிந்து, ஸ்டென்ட் உட்கார்ந்து, ரத்தம் ஓடியது. சூரிக்கில் க்ருன்ட்சிக் 1977 செப்டம்பரில் முதன்முதலாகச் செய்த பலூன் வித்தை இன்று மாவட்டத் தலைநகரிலேயே நடக்கிறது. வாசலில் நுழைந்ததிலிருந்து பலூன் விரிய 90 நிமிடம் என்பது கணக்கு. "நமக்கு 55 நிமிஷம்தான்!" என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் மார்தட்டுகிறார், அந்த மாரையே.

அந்த 55-க்கு முந்திய மூன்று மணி நேரத்தை அவர் சொல்வதில்லை, எக்கோ ஸ்கேன் சொல்கிறது. ரீமர், ஜென்னிங்ஸ் என்ற இருவர் நாய்களின் இதயத்தில் செய்த சோதனையை 1977-ல் எழுதினார்கள். குழாய் அடைத்து முக்கால் மணிக்குள்ளேயே தசையின் உள்ளடுக்கு சாக ஆரம்பித்து, கரையான் போல வெளிப்பக்கம் நோக்கி நகர்கிறது. ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நடுவில் திறந்தால் மிச்சம் பிழைக்கும். அதிர்ச்சியில் துடிப்பு மறந்த தசை சில வாரத்தில் தேறிக்கொள்ளும். செத்தது செத்ததுதான். 40 சதவீதமாக விழுந்திருந்த அண்ணனின் இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் 48-க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது.

தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரியவற்றோடு இணைத்துச் சிகிச்சை தந்து பார்த்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். குழாயைத் திறக்க ஆன நேரம் மட்டும் குறைந்தபாடில்லை. 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, ஆஸ்பிரின் உட்பட முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பெரியம்மாவின் அலமாரி அரசாங்கத் திட்டமாகிவிட்டது. அங்கே போய்ச் சேர்வது மட்டும் நம் வேலை.

ஆகவே, நெஞ்சு அழுத்தி வேர்த்தால் சோடாவைத் தேடாதீர்கள், சட்டை மாற்றாதீர்கள், மருமகனுக்குக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வலி தொடங்கிய மணியைக் குறித்து வையுங்கள். டாக்டர் அதைக் கட்டாயம் கேட்பார்.