சான்றிதழ் வயசு

என் வயசை யாராவது கேட்டால், "எதுக்குக் கேக்கறீங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா கணக்கில் நான் பிலவ வருஷம் கார்த்திகை, அதாவது 1961 கடைசி. மலையில் தீபம் ஏற்றின மூணாம் நாள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சான்றிதழிலோ 1.6.1960. என் சேட்டை தாங்காமல் மூன்றரை வயசிலேயே கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் அஞ்சு வயசு. அந்தக் காலத்து அட்மிஷன் அவ்வளவுதான். எனக்கு எட்டவில்லை. அப்பா முகத்தைப் பார்த்த வாத்தியார் என் தலையை லேசாகச் சாய்த்தார். ஒன்றரை வருஷம் ஏறிவிட்டது. கீழ்பென்னாத்தூரில் என் வயசுக்காரர்கள் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்தார்கள், அம்மாக்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு பெற்ற மாதிரி.

ஏறின வயசுக்கு ஒரு லாபமாவது வேண்டாமா? ரயிலில் ஆம்பளைக்கு அறுபது ஆனால் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி என்று 2020 ஜூனுக்காகக் காத்திருந்தேன். மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்காரிக்கு இந்தக் கவலையே கிடையாது. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வயசும் கேட்பதில்லை. கல்யாண வீடுகளில் நாற்பதைத் தாண்ட மறுக்கிறவள், ரயிலில் நாற்பத்தஞ்சு ஆன பெண்களுக்குக் கீழ் பெர்த் என்று தெரிந்ததும் ஆதாரைத் தானே எடுத்து நீட்டினாள்.

அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகலாமென்றால் எந்த அறுபதுக்கு என்று தகராறு. சான்றிதழ் அறுபதில் கொரோனா வந்து கோயில் நடையையே சாத்திவிட்டார்கள். சரி, பிலவ திரும்பி வருகிற 2021 கார்த்திகையில் வைத்துக்கொள்வோமே என்றேன். "இதே ஆளையே மறுபடியுமா?" என்றாள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். காலையில் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறும் காலேஜ் பிள்ளைகளை என்ன செய்வது? அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அங்கிளுக்குப் போனபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஒருநாள் ஒரு பெண் எழுந்து, "தாத்தா, உக்காருங்க" என்றது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "வேணாம்மா, அடுத்த ஸ்டாப்புதான்" என்று சொல்லித் தொலைத்தேன். சொன்னபடி இறங்கி, வெயிலில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

அன்றைக்கே டை வாங்கினேன். தலை, மீசை, தப்பித்தவறிக் கொஞ்சம் காது. பௌர்ணமிக்கு எதிர்வீட்டுக் காலேஜ் பையன் கூட்டாளிகளோடு கிரிவலம் கிளம்பினான். நானும் வருகிறேன் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பதினாலு கிலோமீட்டர் என்ன பெரிய தூரம்? இந்திர லிங்கம், அக்னி லிங்கம் வரை பேசிக்கொண்டே வந்தேன். எம லிங்கத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. அது பிடித்துக்கொள்ள வேறு இடமா இல்லை? பையன்கள் போயே போய்விட்டார்கள்.

திட்டில் உட்கார்ந்தேன். எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, வெறுங்காலோடு, விறுவிறுவென்று வந்து என் முன்னால் நின்றது.

"என்னா தம்பி, இந்தச் சின்ன வயசுல உக்காந்துட்ட?"

தம்பி! எத்தனை காலமாயிற்று இந்த வார்த்தையைக் கேட்டு. முட்டிவலி மறந்து சட்டென்று எழுந்துவிட்டேன். பாட்டி கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி என்னை உற்றுப் பார்த்தது.

"வேர்வையில மை ஒழுவுது பாரு, தொடச்சிக்க."