ஒன்றரை ஷிப்ட்டுக்குப் பிறகு

கேள்வி: நாப்பது வருஷம் ஒன்றரை ஷிப்ட் பார்த்த கட்டிங் மாஸ்டருங்க எங்கப்பா. 'உழைச்சது போதும், உட்காருங்க'ன்னுட்டோம். இப்போ டம்ளரையே ரெண்டு கையால பிடிக்கிறார். ஏனுங்க?
(ஒரு மகன், அனுப்பர்பாளையம்)

பதில்: உட்காரச் சொன்னீர்கள், அவரும் பேச்சைக் கேட்டுவிட்டார்! வயதான உடம்பில் வேலை கொடுக்காத தசை சீக்கிரம் தேயும், மூட்டு இறுகும். நடுக்கமா, நரம்பா, மூட்டா என்று முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். (திடீரென்று ஒரு பக்கக் கை மட்டும் சோர்ந்திருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.) அடுத்து, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். 'எதை நீங்களே செய்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள்?' என்றுதான் அவர் ஆரம்பிப்பார். 'சவரம் நானே பண்ணிக்கணும்' என்றால், சிகிச்சையின் இலக்கு சவரம். தடித்த பிடி வைத்த ரேஸர், முழங்கை ஊன்ற மேஜை, உட்கார்ந்தபடி பார்க்க வாகான கண்ணாடி என்று வழி தேடுவார். மகன் சவரம் செய்துவிடுவதெல்லாம் கடைசிப் பட்சம்.

கேள்வி: பிசியோதெரபிக்குத்தான் போறமே, அது போதாதுங்களா?
(பல்லடம் வாசகி)

பதில்: பிசியோதெரபிஸ்ட் தோளைத் தூக்க வைப்பார்; ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அந்தத் தோளை வைத்துக்கொண்டு சட்டை போட வைப்பார். இரண்டு பேரும் வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு இவர் சொல்லித்தரும் பாடம் ஒன்று: சட்டை போடும்போது முடியாத கை முதலில், கழற்றும்போது முடியாத கை கடைசியில். உலகத்துக்கே பனியன் போட்டுவிடும் ஊரில் இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

கேள்வி: எங்க அம்மிச்சியைக் கோயில், பஜனை, கல்யாணம்னு சும்மாவே விடறதில்லைங்க. அதுவே வைத்தியந்தானே?
(ஒரு பேத்தி, அவிநாசி)

பதில்: சோதித்தே பார்த்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில், தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் புளோரன்ஸ் கிளார்க் குழு, 60 வயதைத் தாண்டிய 361 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு 9 மாதம் ஆக்குபேஷனல் தெரபி. இன்னொன்றுக்குக் கைவேலை, சினிமா, ஊர் சுற்றல். மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. 1997ல் 'ஜாமா' மருத்துவ இதழில் முடிவு வந்தது. தெரபி பெற்றவர்கள் உடம்பிலும் மனதிலும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். சினிமா பார்த்த கூட்டத்துக்கும் சும்மா இருந்த கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை!

பொழுதுபோக்கு தப்பென்று அர்த்தமில்லை. தெரபி பெற்றவர்கள் தங்கள் அன்றாடத்தைத் தெரபிஸ்ட்டோடு சேர்ந்து அலசினார்கள்: எனக்கு எது முக்கியம், எது தடுக்கிறது, எப்படிச் சமாளிப்பது, பஸ் ஏறிப் போவது வரைக்கும். பஜனைக்குப் போவது அம்மிச்சியின் ஆசையா, உங்கள் ஆசையா? அவருக்குத் தனியாகச் சந்தைக்குப் போய்த் தக்காளிக்குப் பேரம் பேச ஆசை இருக்கலாம். ஒரு தடவை கேளுங்களேன்.

கேள்வி: வீட்டுல முதல்ல எதை மாத்தோணும்?
(காங்கேயம் வாசகர்)

பதில்: வாசலில் கிடக்கும் பனியன் வேஸ்ட் மிதியடியை. நம்மூர்ச் சரக்குதான், ஆனால் டைல்ஸ் தரையில் அது சக்கரம் இல்லாத வண்டி. பிறகு, குளியலறையில் கைப்பிடி, ராத்திரி விளக்கு, உயரம் கூட்டிய கழிப்பறை இருக்கை. வீட்டில் தடுக்கி விழவைக்கும் சமாச்சாரங்களைச் சரிசெய்ததில், விழும் ஆபத்து அதிகமுள்ள முதியவர்கள் விழுவது 38 சதவீதம் குறைந்தது என்கிறது 2023ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு.

கேள்வி: 65 வயசுல எங்க அத்தை கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போறாங்க. அதுவும் தெரபிதானுங்களே?
(15 வேலம்பாளையம் வாசகர்)

பதில்: கூலி வேலை கூலி வேலைதான். அதற்குச் சிகிச்சை என்று பெயர் சூட்டி முதலாளியைக் குளிர வைக்காதீர்கள். முதல் உலகப் போர் சமயத்து ஆஸ்பத்திரிகளில் காயம்பட்ட சிப்பாய்களின் கைகால் தேறுவதற்குத் தறி நெய்ய வைத்தார்கள். (சோமனூர்க்காரர்கள் சிரிக்கலாம்.) அங்கே எத்தனை மீட்டர் ஓடியது என்று எவரும் கேட்கவில்லை, மூட்டு எவ்வளவு அசைகிறது என்றுதான் பார்த்தார்கள். அத்தைக்கு வேலைக்குப் போகத்தான் விருப்பம் என்றால் தானே விரியும் ஸ்பிரிங் கத்தரி, முதுகு சாய நாற்காலி, நடுநடுவே கைக்கு ஓய்வு என்று ஏற்பாடு செய்யுங்கள். பீஸ் ரேட்டில் ஓய்வு ஏது என்கிறீர்களா? அதைக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கே போறது, காசுக்கு எங்கே போறது?
(ஒரு மருமகள், பெருமாநல்லூர்)

பதில்: பக்கத்துக் கோவையில் கே.எம்.சி.எச். மருத்துவமனை ஆக்குபேஷனல் தெரபிக்கென்றே ஒரு கல்லூரி நடத்துகிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தத் துறை உண்டு. இந்தியாவில் இந்தப் படிப்பை 1950ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர்.

காசு விஷயம்: மாமனார் ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றவரா? ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவரும் மாமியாரும் இ.எஸ்.ஐ. வைத்தியத்தைத் தொடரலாம். மாதத்துக்கு இல்லை, ஆண்டுக்கு! பவர் டேபிளில் பேரேட்டில் பெயரில்லாமல் தைத்தே கிழவரானவர்களுக்கு இந்த வழியும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கேள்வி: எக்ஸ்போர்ட் பண்றேன். இதுல எனக்கு ஏதாச்சும் பிசினஸ் இருக்குதுங்களா?
(பெயர் வேண்டாம், அவிநாசி ரோடு)

பதில்: பேஷா! வெளியே பட்டன், உள்ளே வெல்க்ரோ வைத்த சட்டை. முதுகுப் பக்கம் திறக்கும் நைட்டி. நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் போட்ட பைஜாமா. மேல்நாட்டில் இவற்றை மட்டுமே விற்கும் கம்பெனிகள் உண்டு. சாம்பிளை பையருக்கு அனுப்புமுன் உங்கள் அப்பத்தாவிடம் கொடுங்கள். ஒரு கையால் போட்டுக்கொண்டு வந்தால் ஆர்டர் எடுங்கள். 'ஏன் கண்ணு, கழுத்து எங்கே இருக்குது?' என்றால் பேட்டர்ன் மாஸ்டரைக் கூப்பிடுங்கள்.